ஊதிப் பார்க்கிற கைக்கருவி: 0.00 வந்தால் மட்டும் சாவியைக் கொடுங்கள்

மூச்சில் மது இருக்கிறதா என்று ஊதிப் பார்க்கிற கருவி இது. கைத்தொலைபேசி அளவு, மேலே செருகுவதற்கு ஒரு பிளாஸ்ரிக் குழாய், ஊதினால் திரையில் ஒரு இலக்கம். இணையக் கடையில் ஓடர் பண்ணினால் வீட்டு வாசலுக்கே வருகிறது. வான் வைத்துத் தொழில் செய்கிறவர்களும், கலியாண மண்டபம் நடத்துகிறவர்களும், விடுமுறைக்கு வந்து வாகனம் வாடகைக்கு எடுக்கிறவர்களும் இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் சரியான வகையை வாங்க வேண்டும், ஒரேயொரு கேள்விக்கு மட்டும் பாவிக்க வேண்டும். "உடம்பில் இன்னும் மது கிடக்கிறதா?" என்பதுதான் அந்தக் கேள்வி. "இன்னும் ஒரு கிளாஸ் எடுத்தால் சட்டம் வைத்த 80 மில்லிகிராம் எல்லைக்குள்ளே நிற்பேனா?" என்று கேட்டு ஊதினால் இது ஆளைப் பிழையான பக்கம் தள்ளிவிடும். பக்கத்துச் சீற்றில் இருக்கிறவரும் பின்னுக்கு ஏறியிருக்கிறவரும் அதோடு சேர்ந்து போவார்கள்.

உள்ளே இருக்கிற உணரி இரண்டு வகைப்படும். மலிவான கருவிகளில் இருப்பது குறைகடத்தி உணரி: சூடாக்கிய வெள்ளீய ஒட்சைட்டில் ஆவி பட்டதும் அதன் மின்தடை மாறும், அந்த மாற்றத்தை இலக்கமாகக் காட்டும். பட்டது மதுவின் ஆவிதானா என்று அதற்குத் திட்டமாகத் தெரியாது. சிகரெட் புகை, பெற்றோல் மணம், கையில் பூசின கிருமிநீக்கி, கட்டுப்படாத சலரோகக்காரரின் மூச்சில் வருகிற அசற்றோன் எல்லாவற்றுக்கும் அது கொஞ்சம் கொஞ்சம் அசையும். சில மாதங்களில் அளவும் தானாக நகர்ந்துவிடும். அது கூடக் காட்டினால் ஒருவருக்கும் ஆபத்தில்லை, குறைத்துக் காட்டுவதுதான் பயம்.

மற்றது எரிபொருட்கல உணரி. இரண்டு பிளாற்றினத் தகடுகளுக்கு நடுவே மூச்சிலுள்ள எதனோல் அசற்றிக் அமிலமாக மாறும்போது உண்டாகிற மின்னோட்டத்தை அளக்கிறது. அசற்றோனுக்கு இது ஏமாறாது. பல நாடுகளில் பொலிஸார் வீதியில் கையில் வைத்திருக்கிற மின்னணுக் கருவிகளில் இருப்பதும் இதே வகைதான். விலை மலிவானதைவிடப் பல மடங்கு. என்றாலும் வாங்குவதென்றால் இதைத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் எரிபொருட்கலம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியில்லையென்றால் அது குறைகடத்திதான் என்று எடுத்துக்கொள்ளலாம். "பொலிஸ் தரம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதற்கு ஒரு பெறுமதியும் இல்லை.

வாங்கி வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். அதிகமான குழப்பம் வருகிற இடம் இதுதான். இலங்கையில் ஒழுங்குவிதி வைத்திருக்கிற எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 0.08 கிராம், அதாவது 80 மில்லிகிராம். சதவீதத்தில் காட்டுகிற கருவியில் அது 0.08. ஆயிரத்துக்கு இத்தனை என்று காட்டுகிற கருவியில் 0.80. ஒரு லீற்றர் மூச்சில் எத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிற கருவியில் 0.38. மூச்சில் உள்ளதை 2,100 மடங்காக்கி இரத்த அளவைக் கணிக்கிறதால் வருகிற வித்தியாசம் இது. இப்போது யோசித்துப் பாருங்கள். திரையில் 0.40 நிற்கிறது. ஆயிரத்தில் அளக்கிறது என்று நினைக்கிறவர் எல்லையில் பாதிதானே என்று சாவியை எடுப்பார். கருவி மூச்சுக் கணக்கில் இருந்தால் அவர் இரத்தத்தில் 84 ஓடுகிறது. சிவப்பு விளக்கும் சத்தமும் தொழிற்சாலையில் வேறு நாட்டு எல்லைக்கு வைத்து அனுப்பப்பட்டவை. 0.02, 0.05 என்று எதிலும் எரியலாம். விளக்கு பச்சையாக நிற்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஊதுகிற முறையையும் சொல்ல வேண்டும். கடைசியாகக் குடித்தோ சாப்பிட்டோ புகைத்தோ குறைந்தது 15 நிமிடம் கழிய வேண்டும், 20 என்றால் இன்னும் நல்லது. வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்துத் துப்புங்கள். கருவி எண்ணி முடித்துத் தயார் என்று காட்டியபின் மூச்சை நிறைய இழுத்து, உதட்டைக் குழாயில் இறுக்கி, ஒரே சீராக 4, 5 செக்கன் ஊத வேண்டும். பல கருவிகளில் முடிவில் ஒரு சின்னக் "கிளிக்" சத்தம் கேட்கும். உள்ளே இருக்கிற குட்டிப் பம்பு, நெஞ்சின் அடியிலிருந்து வருகிற கடைசி மூச்சை இழுத்துக்கொள்கிற சத்தம் அது. அந்தச் சத்தம் வரமுதல் நிற்பாட்டினால் வாய்க்குள் இருந்த காற்றுத்தான் போயிருக்கும், இலக்கம் குறைந்து வரும். ஊதின குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உட்சுவரில் நீர்த்துளிகள் தெரியும். அது சாதாரணம். எச்சில் நூல் மாதிரித் தொங்கினால் அந்தக் குழாயை எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். எச்சில் உணரிக்குள் போனால் கருவி முடிந்தது.

கருவி வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவுக்குப் பார்க்கலாம். மது தொடாத ஒருவர் ஊதினால் 0.00 வர வேண்டும். அவரே மது கலந்த வாய்கழுவியால் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஊதினால் இலக்கம் எகிறும். ஆயுர்வேத அரிட்டம் ஒரு மூடி குடித்தாலும் இதே கதைதான், அரிட்டம் புளிக்கும்போது தானாகவே மது உண்டாகிறது. 15, 20 நிமிடம் கழித்து ஊத மறுபடி 0.00க்கு இறங்கினால் உணரி உயிரோடு இருக்கிறது. இறங்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். இது உணரி அசைகிறதா என்று பார்க்கிற சோதனை மட்டுமே. 80ஐ 80 என்று காட்டுகிறதா என்பதைத் தெரிந்த செறிவுள்ள வாயுவாலோ, 34 பாகை செல்சியசில் வைத்த கரைசலின் ஆவியாலோதான் பார்க்கலாம். அதைக் குசினியில் செய்ய முடியாது.

கருவி எவ்வளவு நல்லதென்றாலும் சொல்ல முடியாத விசயம் ஒன்று இருக்கிறது. அது இந்த நிமிடத்தைத்தான் காட்டும், அடுத்த அரை மணித்தியாலத்தைக் காட்டாது. குடித்து முடித்தபின் இரத்தத்தில் மது உச்சத்துக்குப் போக அரை மணியிலிருந்து ஒன்றரை மணித்தியாலம்வரை எடுக்கலாம், வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் பிந்தலாம். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் கடைசிக் கிளாசை வைத்துவிட்டு, 15 நிமிடம் பொறுத்து ஊத, சதவீதக் கருவி 0.06 காட்டும். அதே ஆள் பொன்னாலைப் பாலத்தில் வரும்போது 80ஐத் தாண்டியிருக்கலாம். இரண்டு பக்கமும் கடல்நீர், நடுவே ஒரு வீதி, பின் சீற்றில் நாலு பேர். அந்த 0.06ஐ நம்பி எடுத்த வண்டி அது.

அளவுகளைக் கணக்காகவே சொல்லலாம். 65 கிலோ நிறையுள்ள ஒரு ஆண். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் ஸ்ரோங் பியர், 8.8 சதவீதம். அதற்குள் இருக்கிற தூய மது ஏறக்குறைய 43 கிராம். அதைக் கெதியாகக் குடித்தால் இரத்த அளவு 95க்குக் கிட்டப் போகும். ஒரேயொரு போத்தலில் எல்லை தாண்டிவிட்டது. 33.5 சதவீதச் சாராயம் கால் போத்தல், 180 மில்லிலீற்றர் என்றால் 105க்கு மேலே. கள்ளு வீரியம் குறைந்ததென்று தவறணையில் நம்பிக் குடிக்கிறார்கள். இறக்கின நேரத்திலிருந்து அது புளித்துக்கொண்டே இருக்கிறது, பின்னேரக் கள்ளு காலைக் கள்ளு மாதிரி இராது, அதனால் கணக்குப் பார்க்கவே முடியாத சரக்கு அது. பெண்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் இதே அளவில் இலக்கம் இன்னும் கூட வரும்.

இறங்குகிற வேகம் மணித்தியாலத்துக்கு 15 மில்லிகிராம் அளவுதான். ஆளுக்காள் 10 முதல் 20 வரை. தேசிக்காய்த் தண்ணியும் கோப்பியும் தலையில் வார்க்கிற தண்ணியும் அதை ஒரு மில்லிகிராம்கூட வேகப்படுத்தாது. இரவு 8 மணிக்குத் தொடங்கி 12 மணிவரை அரைப் போத்தல் சாராயம் எடுத்த அதே 65 கிலோ ஆள் நள்ளிரவில் 160ஐத் தாண்டி நிற்பார். காலை 6 மணிக்கு எழும்பும்போது இன்னும் 70க்கு மேலே இருக்கும். முகம் கழுவி, திருநீறு பூசி, குடும்பத்தை வானில் ஏற்றிக்கொண்டு கீரிமலைக்கு வெளிக்கிடுகிற நேரம் அது. அவருக்கு வெறி தெரியாது. கருவிக்குத் தெரியும். இந்தக் கருவியின் உண்மையான பெறுமதி இரவில் இல்லை, மறுநாள் காலையில்தான். வான் முதலாளி "தம்பி, ஒருக்கா ஊதும்" என்று சொல்லி நீட்டினால், "அண்ணை, நான் இரவு ரெண்டே ரெண்டுதான்" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகும்.

இனி, 80க்குள்ளே நின்றால் தப்பலாம் என்ற நம்பிக்கையைப் பற்றி. அந்த நம்பிக்கையில்தான் பலர் இதை வாங்குகிறார்கள், அது பிழை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவு மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுவதைப் பற்றியது. தண்டப்பணம் 25,000 ரூபாவில் தொடங்குகிறது, சிறையும் சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்துவதும் நீதவானின் கையில். யாரும் காயப்படாத வழக்கு இது. குடித்து ஓட்டியதால் ஒருவர் காயப்பட்டால் அதே சட்டம் இன்னும் கடுமையான தண்டனைக்குப் போகிறது. காயப்பட்டவர் வீதியில் நடந்து போனவரா, வண்டிக்குள் இருந்த மச்சானா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதற்குப் பக்கத்தில் தண்டனைச் சட்டக்கோவை நிற்கிறது, அதில் 80 என்ற இலக்கமே கிடையாது. அங்கே கேள்வி, ஆட்களின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அசட்டுத் துணிவோடோ கவனயீனமாகவோ நடந்தாரா என்பது. அப்படி நடந்து காயம் விளைத்தால் 328ஆம் பிரிவு, ஆறு மாதம்வரை சிறை. கடுங்காயம் என்றால் 329, இரண்டு வருடம்வரை. ஆள் இறந்தால் 298, ஐந்து வருடம்வரை. 60 மில்லிகிராமோடு வளைவில் வேகம் குறைக்காமல் போய்ப் பனையில் அடித்தவருக்கு "நான் எல்லைக்குள்ளேதான் நின்றேன்" என்ற பதில் இங்கே உதவாது. அந்த 60 அவருடைய கவனயீனத்துக்கு ஒரு சாட்சியாகக்கூட வரும். மறுபக்கமும் உண்டு. 90 மில்லிகிராம் உள்ள ஒருவர் சிவப்பு விளக்கில் ஒழுங்காக நிற்கும்போது பின்னால் லொறி வந்து இடித்து அவருடைய பயணி காயப்பட்டால், 151 அவர்மேல் நிற்கும், ஆனால் காயத்துக்குக் காரணம் அவருடைய ஓட்டம்தான் என்று வழக்குத் தொடுநர் காட்டாமல் 328ஓ 329ஓ நிற்காது. குடித்ததற்கும் காயத்துக்கும் நடுவே உள்ள தொடர்பு, சட்டத்தரணிகள் அதிகம் வாதாடுகிற இடம்.

கடுங்காயம் என்றால் ஏதோ உயிர் ஊசலாடுகிற நிலை என்று நினைத்துவிட வேண்டாம். 311ஆம் பிரிவின்படி எலும்பு முறிவு கடுங்காயம். பல் உடைந்தாலும் கடுங்காயம். 20 நாள் வழமையான வேலையைச் செய்ய முடியாமல் கிடந்தாலும் அதற்குள் வரும். மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருக்கிறவரை எடுத்துப் பாருங்கள். ஓட்டுகிறவருக்கு முன்னுக்கு ஹான்டில் இருக்கிறது, விழப்போவது அரைச் செக்கனுக்கு முன்னாவது தெரிகிறது. பின்னுக்கு இருப்பவருக்கு அதுவும் இல்லை. காலெலும்பு, காறை எலும்பு, முன்பல் என்று போகிறது. "சின்ன அக்சிடன்ற்" என்று ஊரில் சொல்கிற ஒரு விழுகையே ஆளை 329க்குள் கொண்டுபோகப் போதும்.

எது காயம், எது கடுங்காயம் என்பதை எழுதுகிறவர் வைத்தியர். யாழ். போதனா வைத்தியசாலையிலோ, மந்திகை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகளிலோ சேர்த்ததும் சட்ட மருத்துவப் படிவம் நிரப்பப்படுகிறது. சாரதியையும் பொலிஸார் வைத்தியரிடம் கொண்டுவருவார்கள். மணம், பேச்சு, கண்மணி, நடை, விரலை மூக்கில் தொடச் சொல்லும்போது கை போகிற விதம் எல்லாம் குறிக்கப்படும், தேவையென்றால் இரத்தமும் எடுக்கப்படும். நேரம் தவறாமல் எழுதப்படும். ஊத மறுத்தால் அதுவே சாரதிக்கு எதிராகத் திரும்பும். வெறி இறங்கட்டும் என்று இடத்தைவிட்டு ஓடுவதும் உதவாது. விபத்து நடந்தால் நிற்க வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 161ஆம் பிரிவு. ஓடினால் அது இன்னொரு குற்றச்சாட்டு. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

காயப்பட்ட பயணிகள் செய்கிற ஒரு பிழையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டினவர் உறவினர், அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று "சைக்கிளால் விழுந்தனான்" என்று வார்ட்டில் சொல்லிவிடுகிறார்கள். அதுதான் வைத்தியசாலை ரிக்கற்றில், அதாவது நோயாளியின் பதிவேட்டில், எழுதப்படும். ஆறு மாதம் கழித்துக் கால் கோணலாகப் பொருந்தி, இரண்டாவது ஒப்பரேசனுக்குக் காசு தேவைப்படும்போது, காப்புறுதிக்காரரும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் முதலில் கேட்பது அந்த ரிக்கற்றைத்தான். உண்மையை மறைத்தால் ஓட்டினவர் தப்பிவிடுவார் என்றும் இல்லை. 151 குற்றச்சாட்டைக் கொண்டுவருவது பொலிஸ், அதைக் கைவாங்குகிற அதிகாரம் பயணியிடம் இல்லை. "நாங்கள் வீட்டுக்குள்ளே பேசித் தீர்த்துவிட்டோம்" என்று நீதவான் நீதிமன்றத்தில் வந்து நின்றாலும், பயணி அரச தரப்புச் சாட்சியாகத்தான் அழைக்கப்படுவார்.

"தெரிஞ்சுதானே ஏறினான்" என்பது அடுத்த பேச்சு. சாரதி குடித்திருப்பது தெரிந்தே ஏறினார் என்பது குற்ற வழக்கில் சாரதிக்குத் தப்பும் வழி இல்லை. நட்டஈட்டு வழக்கில் மட்டும் அது பேசும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி காயப்பட்டவருடைய பங்குத் தவறுக்கு ஏற்ப நட்டஈட்டை நீதிமன்றம் குறைக்கலாம். தலைக்கவசம் போடாமல் இருந்ததும் அதே கணக்கில் வரும். காப்புறுதியை நம்பியும் இருக்க முடியாது. முழுக் காப்புறுதி எடுத்தவர்களும் பத்திரத்தைப் பிரித்து, சாரதி மது அருந்தியிருந்தால் என்ன என்ற நிபந்தனையையும், வண்டிக்குள் இருக்கிறவரின் காயத்துக்கும் அது காசு கொடுக்குமா என்பதையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கூலிக்குச் சாரதி வைத்திருக்கிற வான் முதலாளி, வேலை நேரத்தில் சாரதி விளைத்த காயத்துக்குத் தானும் நட்டஈடு கட்ட வேண்டி வரும். இந்தக் கருவிக்குக் கொடுக்கிற காசு அவருக்குத்தான் முதலில் திரும்பி வரும்.

திரையில் வந்த இலக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் காட்டலாமா என்றும் கேட்கிறார்கள். அளவுதிருத்தச் சான்று இல்லாத, யார் ஊதினார் என்றே தெரியாத ஒரு இலக்கத்தை வைத்து வைத்தியரின் அறிக்கையை அசைக்க முடியாது. 0.05 காட்டுகிற படம் நீங்கள் குடித்ததையும், குடித்தது தெரிந்துகொண்டே வண்டியை எடுத்ததையும்தான் சொல்லும். உதவுகிறதைவிடக் கெடுக்கும்.

அதனால் பாவிக்கிற விதி ஒன்றே ஒன்று. இரண்டு தரம், ஐந்து நிமிட இடைவெளியில், சரியாக ஊதி இரண்டு தரமும் 0.00 வந்தால் சாவி. 0.01 வந்தாலும் வேறு ஆள் ஓட்டட்டும், அல்லது ஓட்டோ பிடியுங்கள். மலிவான கருவியை ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறவர்கள் எறிய வேண்டியதில்லை, ஆனால் அது 0.00 காட்டினாலும் இரவு எத்தனை மணிக்கு நிறுத்தினார், எவ்வளவு குடித்தார் என்று கேட்டு மேலே சொன்ன 15 மில்லிகிராம் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் விட வேண்டும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் அளவுதிருத்தம் எங்கே, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேளுங்கள். எரிபொருட்கலக் கருவிக்கு வழமையாக 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை தேவை. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்ப வேண்டும் என்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பதிலே இல்லையென்றால் ஒரு வருடக் கருவி என்று நினைத்து வாங்குங்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் பூட்டி நிறுத்தின வானின் டாஷ்போர்ட்டில் இதை வைக்கவே கூடாது, உணரி காய்ந்துபோகும். பற்றரி குறைந்தாலும் அளவு பிசகும், அதனால் மாற்றுப் பற்றரி ஒரு சோடி கூடவே இருக்கட்டும். குழாய்கள் ஆளுக்கு ஒன்று, உபரியாக 20 குழாயாவது எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வாங்கின திகதியை அழியாத மையால் கருவியின் முதுகில் எழுதிவிட்டு, சாவிகள் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.